தூரம் போகும் கோல்ஃப் பந்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி: வேகம், ஸ்பின், விதிகள்

எந்த கோல்ஃப் பந்துப் பெட்டியை எடுத்தாலும் தூரத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும். ஒரு பெட்டி மென்மையான பந்து தூரம் போகும் என்கிறது, இன்னொன்று வேகமான கோர் (பந்தின் நடுப்பகுதி) என்கிறது, மூன்றாவது பந்தின் மேலுள்ள குழிகளின் வடிவத்தைக் காட்டுகிறது. இதற்கு நடுவில், பந்துகள் பறக்கும் தூரத்தையே குறைக்கப்போகிறார்கள் என்று வந்த அறிவிப்பு வேறு. இன்று வாங்கும் பந்து நாளை செல்லாதா, மெதுவாக அடிப்பவர்கள் மென்மையான பந்தைத்தான் எடுக்க வேண்டுமா, விலை கூடினால் தூரம் கூடுமா என்று பலருக்கும் குழப்பம்.

விதிக்கு உட்பட்ட எல்லாப் பந்துகளுக்கும் உச்ச வரம்பு ஒன்றுதான். அதற்குள் உங்கள் அடிக்கு எந்தப் பந்து பொருந்துகிறது என்பதே பார்க்க வேண்டிய விஷயம். அதை விலையோ கைக்குத் தெரியும் மென்மையோ முடிவு செய்வதில்லை. பெரும்பாலும் முடிவு செய்வது ஸ்பின், அதாவது பந்தின் சுழற்சி. காரணத்தை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தூரம் எங்கிருந்து வருகிறது

மிக நீண்ட அடிக்கான கிளப் (மட்டை) டிரைவர். அதன் முகமும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் மூன்று விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன.

1. பந்தின் வேகம். கிளப் முகத்தை விட்டுப் புறப்படும்போது பந்துக்கு இருக்கும் வேகம்.
2. லான்ச் கோணம். தரையிலிருந்து எத்தனை டிகிரி மேல்நோக்கிப் புறப்படுகிறது என்பது.
3. ஸ்பின். பந்து பின்நோக்கிச் சுழலும் அளவு. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்கிடுவார்கள்.

இதற்குப் பிறகு பந்து காற்றின் பொறுப்பு. முதல் முறை தரையைத் தொடும் வரை போன தூரம் கேரி. விழுந்த பிறகு உருள்வது ரோல். இரண்டும் சேர்ந்தது மொத்தத் தூரம். பந்துகளை ஒப்பிடும்போது இந்த இரண்டையும் கலக்கக் கூடாது. காய்ந்த ஃபேர்வேயில் (புல்லைக் குட்டையாக வெட்டிய ஆட்டப் பாதையில்) தாழ்வாகப் பறந்த பந்து ரோலில் ஜெயிக்கும். ஈரத் தரையில் அதே பந்து பின்தங்கிவிடும்.

பந்தின் வேகத்தைக் கிளப் தலையின் வேகத்தால் வகுத்தால் வரும் எண்ணை ஸ்மாஷ் ஃபேக்டர் என்பார்கள். டிரைவர் தலையின் எடை சுமார் 200 கிராம். பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம். இந்த எடைகளோடு, முகத்தின் துள்ளலுக்கு விதி வைத்திருக்கும் வரம்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஸ்மாஷ் ஃபேக்டர் 1.5க்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. அதாவது மணிக்கு 100 மைல் வேகத்தில் வரும் கிளப், மிகச் சரியாகப் பட்டால், பந்தை 148, 149 மைல் வேகத்தில் அனுப்பும். அதைவிடப் பெரிதாகக் கூட்ட எந்தப் பந்தாலும் முடியாது.

அடி முகத்தின் நடுவில் படாமல் போனால் என்ன ஆகும்? மணிக்கு 95 மைல் ஸ்விங்கில் (கிளப் வீச்சில்) ஸ்மாஷ் ஃபேக்டர் 1.48க்குப் பதில் 1.40 ஆனால், பந்தின் வேகம் 7 மைலுக்கு மேல் குறைகிறது. ஒரு மைல் வேகத்துக்கு ஏறக்குறைய 2 யார்டு என்று வைத்தால் சுமார் 15 யார்டு இழப்பு. விதிக்கு உட்பட்ட இரண்டு நல்ல பந்துகளுக்கு இடையே இவ்வளவு பெரிய வித்தியாசம் டிரைவரில் கிடைப்பது அரிது. பந்தை மாற்றிப் பெறக்கூடிய லாபம் எவ்வளவு என்பதற்கு இது ஒரு நல்ல அளவுகோல்.

விதிகள் வைத்திருக்கும் வரம்பு

கோல்ஃப் கருவிகளுக்கான விதிகளை அமெரிக்காவின் கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏவும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏயும் சேர்ந்து வகுக்கின்றன. பந்துக்கு ஐந்து கட்டுப்பாடுகள்.

1. எடை 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.
2. விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது.
3. பந்து கோள வடிவச் சமச்சீர் கொண்டதாக நடந்துகொள்ள வேண்டும். எந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்து அடித்தாலும் ஒரே மாதிரி பறக்க வேண்டும்.
4. குறிப்பிட்ட சோதனைக் கருவியில் தொடக்க வேகம் விநாடிக்கு 250 அடி. சலுகையோடு சேர்த்து 255 அடி.
5. மொத்தத் தூரச் சோதனையில் 317 யார்டு. சலுகையோடு 320 யார்டு.

முதல் இரண்டும் ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றவை எளிது. கனமான பந்து காற்றில் வேகத்தை மெதுவாக இழக்கும். சிறிய பந்தைக் காற்று குறைவாகத் தடுக்கும். இரண்டும் தூரத்தைக் கூட்டும். அதனால்தான் எடைக்கு மேல்வரம்பு, அளவுக்குக் கீழ்வரம்பு. ஒரு காலத்தில் ஆர் அண்ட் ஏயின் ஆளுகைக்குள் 1.62 அங்குல விட்டமுள்ள சிறிய பந்து அனுமதிக்கப்பட்டிருந்தது. எதிர்க்காற்றில் அது நன்றாக ஊடுருவிப் போகும். 1974இல் ஓபன் சாம்பியன்ஷிப்பில் 1.68 அங்குலப் பந்து கட்டாயமானது. 1990இல் சிறிய பந்து முழுவதுமாக விலக்கப்பட்டது.

மூன்றாவது விதிக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. 1970களில் போலாரா என்ற பந்து வந்தது. அதன் குழிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சரியான திசையில் வைத்து அடித்தால் பக்கவாட்டில் வளைவது குறைந்துவிடும். அதன் பிறகுதான் சமச்சீர் விதி கொண்டுவரப்பட்டது.

ஐந்தாவது விதிதான் நம் கேள்விக்கு நேரடியானது. இந்தச் சோதனை நீண்ட காலமாக ஒரே நிலையில் நடக்கிறது: கிளப் வேகம் மணிக்கு 120 மைல், லான்ச் கோணம் 10 டிகிரி, ஸ்பின் 2,520. முன்னணி நிறுவனங்கள் எல்லாம் தங்கள் பந்தை இந்த வரம்பை ஒட்டியே வடிவமைக்கின்றன. ஆகவே, அந்த நிலையில் ஒரு பந்து இன்னொன்றைவிட 20 யார்டு அதிகம் போக வழியே இல்லை.

ஆனால் நம்மில் யாரும் அந்தச் சோதனை இயந்திரம் இல்லை. 85 மைல் ஸ்விங், 15 டிகிரி, 3,200 ஸ்பின் என்ற நிலையில் இரண்டு பந்துகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தச் சோதனை அளப்பதில்லை. 120 மைலில் சமமாக இருக்கும் பந்துகள் வேறு வேகத்தில் பிரிந்து நிற்கலாம். நீங்கள் தேர்வு செய்ய இடம் இருப்பது அந்த இடைவெளியில்தான்.

பந்துக்குள் என்ன இருக்கிறது

இன்றைய பந்துகளின் நடுவில் இருக்கும் கோர், பாலிபியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பர். பந்தின் வேகத்துக்கு முதல் காரணம் இதுதான். அதைச் சுற்றி வெளியே கவர். இரண்டுக்கும் இடையில் மேன்டில் எனப்படும் அடுக்கு ஒன்றோ அதற்கு மேலோ இருக்கலாம். டூ பீஸ், த்ரீ பீஸ், ஃபோர் பீஸ் என்று சொல்வது இந்த அடுக்குகளின் எண்ணிக்கையைத்தான். அடுக்கு கூடினால் தூரம் கூடும் என்று பொருளில்லை. ஒவ்வொரு கிளப்புக்கும் பந்து வேறு மாதிரி நடந்துகொள்ளும்படி வடிவமைக்க அடுக்குகள் வசதி தருகின்றன, அவ்வளவுதான்.

கவர் இரண்டு வகை. அயனோமர் கவர் உறுதியானது, எளிதில் கீறாது, தயாரிப்புச் செலவு குறைவு. சர்லின் என்ற வணிகப் பெயரில் பலருக்கும் பழக்கமானது. யூரித்தேன் கவர் மென்மையானது. குறுந்தூர அடிகளுக்கான வெட்ஜ் கிளப்பின் முகத்திலுள்ள பள்ளங்கள் அதை நன்றாகப் பற்றிக்கொள்ளும். அதைத் தயாரிப்பது கடினம், செலவும் கூடுதல். விலை உயர்ந்த பந்துகளில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் இந்த யூரித்தேனுக்காக, அதாவது கிரீனை (கொடி இருக்கும் புல்தளத்தை) சுற்றிக் கிடைக்கும் கட்டுப்பாட்டுக்காக. டிரைவர் தூரத்துக்காக என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்த அடுக்குகளுக்கும் ஸ்பின்னுக்கும் உள்ள உறவு முக்கியமானது. டிரைவர் அடியில் பந்து நன்றாக நசுங்குகிறது. அந்த நேரத்தில் உள்ளே மென்மையாகவும் வெளியே கடினமாகவும் இருக்கும் பந்து குறைவாகச் சுழலும். உள்ளே கடினம், வெளியே மென்மை என்றால் அதிகம் சுழலும். தூரத்துக்கென்று விற்கப்படும் டூ பீஸ் பந்துகளில் மென்மையான பெரிய கோரும் உறுதியான அயனோமர் கவரும் இருப்பதற்குக் காரணம் இதுவே. யூரித்தேன் பந்துகளில் கவருக்கு உள்ளே ஒரு கடினமான மேன்டில் வைப்பார்கள். டிரைவர் அடியில் அந்தக் கடின அடுக்கு ஸ்பின்னைக் குறைக்கும். மெல்ல அடிக்கும் வெட்ஜ் ஷாட்டில் மெல்லிய கவர் அதன் மேல் நசுங்கி ஸ்பின்னைக் கூட்டும். 2000ஆம் ஆண்டின் இறுதியில் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் ப்ரோ வி1 பந்து வந்தபோது தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதற்குக் கூட்டமாக மாறியதற்குப் பின்னணி இந்த அமைப்புதான். அதற்கு முன் அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் நூல் சுற்றிய பந்துகளை ஆடினார்கள். அவற்றில் கட்டுப்பாடு வேண்டுமென்றால் டிரைவரின் ஸ்பின்னையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

கம்ப்ரெஷன்: மென்மையா, வேகமா?

கம்ப்ரெஷன் என்பது குறிப்பிட்ட விசையில் பந்து எவ்வளவு நசுங்குகிறது என்பதன் அளவு. எண் குறைந்தால் மென்மை. 40க்கு அருகில் இருக்கும் மிக மென்மையான பந்துகளும் உண்டு, 100க்கு அருகில் இருக்கும் உறுதியான பந்துகளும் உண்டு. நிறுவனங்கள் அளக்கும் முறை ஒன்றே இல்லாததால், இரண்டு பெட்டிகளில் இருக்கும் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவதில் பயனில்லை.

"மெதுவான ஸ்விங் உள்ளவர்கள் கடினமான பந்தை நசுக்க முடியாது. அதனால் மென்மையான பந்து அவர்களுக்குத் தூரம் தரும்." இதைப் பல காலமாகக் கேட்டு வருகிறோம். நிறுவனங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. இயற்பியலைப் பார்த்தால் இந்த வாதம் வலுவாக இல்லை.

எந்த ஸ்விங்கிலும் பந்து நசுங்கத்தான் செய்கிறது. வேகத்தைப் பொறுத்து அளவு மாறும், அவ்வளவுதான். அதிகம் நசுங்கினால் அதிகம் துள்ளும் என்றும் கிடையாது. நசுங்கும்போது ரப்பருக்குள் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. பந்து வேகமாகப் புறப்பட, உள்ளே போன ஆற்றல் எவ்வளவு குறைந்த இழப்போடு திரும்பி வருகிறது என்பதுதான் கணக்கு. மிக மென்மையான கோர்கள் பொதுவாக அதில் கொஞ்சம் பின்தங்குகின்றன. வேகமான ஸ்விங்கில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஸ்விங் மெதுவாக ஆக ஆக அது சுருங்கி, மெல்ல அடிப்பவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்ற அளவுக்கு வந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள்.

1. 105 மைலுக்கு மேல் வேகமாக ஸ்விங் செய்பவர் மிக மென்மையான பந்தை எடுத்தால் தூரத்தில் இழப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.
2. 80, 85 மைல் வேகம் உள்ளவர் மென்மையான பந்தை ஆடுவதால் பெரிய இழப்பும் இல்லை, பந்தின் வேகத்தில் லாபமும் இல்லை. கைக்குப் பிடித்திருந்தால் ஆடலாம். அவருக்கு அந்தப் பந்து தூரம் கொடுத்தால், காரணம் மென்மையாக இருக்காது. குறைந்த ஸ்பின்னாக இருக்கும்.

இரண்டாவது முடிவைப் பலரும் கவனிப்பதில்லை. மென்மையான பந்து ஒன்று ஒருவருக்கு 6 யார்டு கூட்டியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் அடுத்த முறை தவறான பந்தை வாங்குவார்.

ஸ்பின் என்ற முடிச்சு

பின்நோக்கிச் சுழலும் பந்து காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. காற்று பந்தை மேல்நோக்கித் தூக்குகிறது. இதை மேக்னஸ் விளைவு என்பார்கள். ஸ்பின் அறவே இல்லாவிட்டால் டிரைவர் அடி கொஞ்ச தூரத்திலேயே சரிந்து விழுந்துவிடும். ஆக, ஸ்பின் தேவை. அது அளவை மீறினால் பந்து நேரே மேலே ஏறி, முன்னோக்கிய வேகத்தை இழந்து, செங்குத்தாக விழும். ரோலும் இருக்காது. காற்றின் தடையும் ஸ்பின்னோடு சேர்ந்து கூடும்.

எவ்வளவு ஸ்பின் சரி என்பது பந்தின் வேகத்தைப் பொறுத்தது. பந்தின் பறப்பை அளக்கும் கருவிகளைச் செய்யும் டிராக்மேன் நிறுவனம் வெளியிட்டுப் பரவலாகப் பயன்படும், தொழில்முறைப் போட்டித் தொடர்களின் (டூர்) சராசரிகளைப் பாருங்கள். பிஜிஏ டூர் ஆண்களுக்குக் கிளப் வேகம் 113 மைல், பந்தின் வேகம் 167 மைல், லான்ச் 10.9 டிகிரி, ஸ்பின் 2,686, கேரி 275 யார்டு. எல்பிஜிஏ பெண்களுக்குக் கிளப் வேகம் 94 மைல், பந்தின் வேகம் 140 மைல், லான்ச் 13.2 டிகிரி, ஸ்பின் 2,611, கேரி 218 யார்டு. பெண்களின் எண்கள் பெரும்பாலான சாதாரண ஆட்டக்காரர்களுக்கு நெருக்கமான பாடம். வேகம் குறைவாக இருக்கும்போது உயரமாகப் புறப்படுவதுதான் பந்தைக் காற்றில் வைத்திருக்கிறது. ஸ்பின்னைக் கூட்டி அந்த வேலையைச் செய்யவில்லை அவர்கள்.

பந்தை மட்டும் மாற்றினால் டிரைவர் ஸ்பின் எவ்வளவு மாறும்? பொதுவாகச் சில நூறு சுற்றுகள். அதனால் யாருக்கு லாபம் என்பது இப்போது எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

முதல் வகை, ஸ்பின் மிகுந்தவர். மேலிருந்து கீழாக வெட்டி அடிப்பவர்கள், ஸ்லைஸ் (பந்து பக்கவாட்டில் வளைந்து விலகும் அடி) அடிப்பவர்கள் பெரும்பாலும் இதில் வருவார்கள். 3,500க்கு மேல் சுழலும் டிரைவர் அடிகள் இவர்களிடம் சகஜம். குறைந்த ஸ்பின் பந்து இவர்களுக்கு உடனே பலன் தரும். இன்னொரு நன்மையும் உண்டு. பந்து வளைவது தனியாக ஒரு பக்கச் சுழற்சியால் அல்ல. ஒரே சுழற்சியின் அச்சு சாய்வதால்தான் வளைகிறது. மொத்த ஸ்பின் குறைந்தால் அதே சாய்வில் வளைவும் கொஞ்சம் குறையும்.

இரண்டாவது வகை, மெதுவான ஸ்விங்கோடு தாழ்வாக அடிப்பவர். 80 மைல் ஸ்விங், 9 டிகிரி லான்ச் என்று இருக்கும் ஒருவருக்குக் குறைந்த ஸ்பின் பந்தைக் கொடுத்தால் கேரி குறையும். தூரப் பந்து என்று எழுதியிருக்கும் பெட்டியே அவருக்குத் தூரத்தைக் குறைக்கும். அவருக்கு உயரமாகப் பறக்கும் பந்தும், அதைவிட முக்கியமாக லாஃப்ட் (கிளப் முகத்தின் சாய்வு) கூடிய டிரைவரும் தேவை.

மூன்றாவது வகை, ஏற்கெனவே நல்ல லான்ச், நல்ல ஸ்பின் உள்ளவர். இவருக்குப் பந்தை மாற்றி டிரைவரில் பெறுவதற்கு அதிகமில்லை. கிரீன் பக்கம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

காற்றும் கணக்கில் வரும். எதிர்க்காற்றில் பந்துக்கு மேல் ஓடும் காற்றின் வேகம் கூடுவதால் தூக்குவிசையும் தடையும் சேர்ந்து கூடுகின்றன. அதிக ஸ்பின் பந்து அங்கே வானத்தைப் பார்த்து ஏறிவிடும். எப்போதும் காற்று வீசும் மைதானத்தில் ஆடுபவர் குறைந்த ஸ்பின் பக்கம் சாய்வது நியாயமானது.

குழிகள் செய்யும் வேலை

வழுவழுப்பான பந்து, குழியுள்ள பந்து போகும் தூரத்தில் ஏறத்தாழ பாதிதான் போகும். முன்பு குட்டா பெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த பந்துகளை ஆடியவர்கள், அடிபட்டுக் கீறிய பழைய பந்து புதியதைவிட நன்றாகப் பறப்பதைக் கவனித்தார்கள். பிறகு பந்தின் மேற்பரப்பை வேண்டுமென்றே கரடாக்கத் தொடங்கினார்கள். 1905இல் இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் குழிகளுக்குக் காப்புரிமை கோரினார்.

குழிகள் பந்தை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றடுக்கைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்று பந்தின் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டே போய்த் தாமதமாகப் பிரிகிறது. பின்னால் உருவாகும் குறைந்த அழுத்தப் பகுதி சிறிதாகிறது. தடை பாதியளவுக்குக் குறைகிறது.

இன்றைய பந்துகளில் பொதுவாக 300 முதல் 400 வரை குழிகள். எண்ணிக்கையைவிட ஆழமும் ஓரத்தின் வடிவமும் பந்து எவ்வளவு உயரம் பறக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரு குழியின் ஆழம் கால் மில்லிமீட்டர் அளவுதான். அதில் சிறு மாற்றம் வந்தாலும் பறக்கும் பாதை மாறும். ஒரே புறப்பாட்டு வேகம், ஒரே ஸ்பின் உள்ள இரண்டு பந்துகள் வெவ்வேறு உயரத்தில் பறப்பது இதனால்தான். மண் ஒட்டிய பந்தும் ஆழமாகக் கீறிய பந்தும் தூரத்தையும் திசையையும் இழப்பதற்கும் இதுவே காரணம்.

டிரைவரை மட்டும் பார்த்தால் போதுமா

ஒரு சுற்றில் டிரைவர் எடுப்பது அதிகபட்சம் 14 முறை. மீதி அடிகள் வேறு இடத்தில் நடக்கின்றன.

நடுத்தரத் தூரக் கிளப்பான அயர்னில் குறைந்த ஸ்பின் பந்து தூரம் கூட்டும் என்பது உண்மை. சில யார்டு அதிகம் போகும். ஆனால் அது தாழ்வாக வந்து விழுந்து கிரீனைத் தாண்டி ஓடினால் அந்த யார்டு உங்களுக்கு எதிரி. 7 அயர்னில் பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் சராசரி ஸ்பின் ஏறத்தாழ 7,100. பந்து 50 டிகிரி கோணத்தில் விழுகிறது. அதனால்தான் அவர்கள் பந்து நிற்கிறது. வெட்ஜில் யூரித்தேனுக்கும் அயனோமருக்கும் உள்ள ஸ்பின் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் போகும். டிரைவரில் சில நூறு, வெட்ஜில் சில ஆயிரம்: பந்துகளுக்கு இடையே உள்ள உண்மையான இடைவெளி எங்கே இருக்கிறது என்று இந்த இரண்டு எண்களே காட்டுகின்றன.

எனவே என் பரிந்துரை இது. கிரீனுக்குப் பறக்கவிட்டு நிறுத்த முயல்பவர், யூரித்தேன் பந்துகளுக்குள்ளேயே குறைந்த ஸ்பின் ரகத்தைத் தேடுவது நல்லது. டிரைவர் தூரத்தில் அவை தூரப் பந்துகளுக்குச் சளைத்தவை இல்லை. வேகமாக ஸ்விங் செய்பவருக்கு முந்தவும் செய்யும். பந்தை முன்னாலேயே விழவைத்து உருட்டி ஏற்றுபவருக்கும், ஒரு சுற்றில் நிறையப் பந்துகளைத் தொலைப்பவருக்கும் அயனோமர் டூ பீஸ் பந்து போதுமானது.

சோதிக்கும் முறை

ஒவ்வொரு பந்திலும் ஒரு நல்ல அடியை மட்டும் நினைவில் வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கீழே உள்ள வரிசை அதைத் தவிர்க்கும்.

1. மூன்று பந்துகளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒன்று அயனோமர் டூ பீஸ், ஒன்று குறைந்த ஸ்பின் யூரித்தேன், ஒன்று உயரமாகப் பறக்கும் யூரித்தேன்.
2. பயிற்சி மைதானத்துப் பந்துகளை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். அவற்றில் பல நீடித்து உழைக்கவும் குறைந்த தூரம் போகவும் செய்யப்பட்டவை.
3. ஒரே பந்தைத் தொடர்ந்து பத்து முறை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம். மாற்றி மாற்றி அடியுங்கள். இல்லையென்றால் கடைசிப் பந்துக்கு வரும்போது களைப்பு சேர்ந்துவிடும்.
4. மிக நீண்ட அடியைப் பார்க்காதீர்கள். அடிகளை வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை எடுங்கள். கேரியைத் தனியாகக் குறியுங்கள். பக்கவாட்டில் எவ்வளவு சிதறுகிறது என்பதையும் பாருங்கள்.
5. உள்ளரங்க லான்ச் மானிட்டரை அதன் எல்லைக்குள் நம்புங்கள். பந்தின் வேகம், லான்ச், ஸ்பின் ஆகியவற்றை அது அளக்கிறது. வலைக்கு அப்பால் பந்து பறப்பதே இல்லை என்பதால் தூரத்தை ஒரு சூத்திரத்தின் மூலம் கணக்கிடுகிறது. இரண்டு பந்துகளின் குழிகள் காற்றில் செய்யும் வித்தியாசம் அந்தக் கணக்கில் வராது. முடிவெடுக்கும் முன் வெளியில் ஒரு முறையாவது அடித்துப் பார்க்க வேண்டும்.
6. அப்புறம் அதே மூன்று பந்துகளோடு 7 அயர்னும், கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்கும் சிறு சிப் ஷாட்டுகளும். டிரைவரில் முந்திய பந்து இங்கே நிற்க மறுத்தால், எத்தனை யார்டுக்கு எத்தனை அடியை விலையாகக் கொடுக்கிறீர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுத்த பிறகு அதே பந்தைத் தொடர்ந்து ஆடுங்கள். கண்ணில் பட்ட பந்தையெல்லாம் ஆடினால் எந்த கிளப் எவ்வளவு தூரம் என்று ஒருபோதும் தெரியாது.

குளிர், உயரம், பழைய பந்து

குளிரில் ரப்பரின் துள்ளல் குறைகிறது, காற்றும் அடர்த்தியாகிறது. இரண்டும் தூரத்தைக் குறைக்கும். குளிர்காலத்தில் பந்தை வண்டியில் விட்டுவைக்காமல் வீட்டுக்குள் வைப்பது நல்லது. தூரத்துக்காக வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடிப்பதை விதி 4.2 தடை செய்கிறது. கடல் மட்டத்திலிருந்து 5,000 அடி உயரத்தில் காற்று மெலிவதால் ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல் தூரம் கிடைக்கும். அங்கே நடந்த சோதனையின் எண்ணைத் தாழ்வான மைதானத்துக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது.

குளத்திலிருந்து எடுத்துக் கழுவி விற்கும் பந்துகளில், எவ்வளவு காலம் தண்ணீரில் கிடந்தது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. மேலே மறுபடி வண்ணம் பூசியவற்றில் இன்னும் கவனம் தேவை. வண்ணம் குழிகளின் ஆழத்தை மாற்றிவிடும்.

தூரச் சோதனையில் என்ன மாறுகிறது

டிசம்பர் 2023இல் யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏயும் மொத்தத் தூரச் சோதனையின் நிலையை மாற்றுவதாக அறிவித்தன. 317 யார்டு என்ற வரம்பும் 3 யார்டு சலுகையும் அப்படியே இருக்கும். ஆனால் கிளப் வேகம் 125 மைலாகவும், லான்ச் 11 டிகிரியாகவும், ஸ்பின் ஏறத்தாழ 2,200 ஆகவும் மாறும். இன்னும் வேகமான, இன்னும் சாதகமான அடியிலும் பந்து அதே வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பதால், இன்றைய நீளமான பந்துகளில் பல இதில் தேறாது. அப்போது அறிவித்த தேதிகள்: உயர்மட்டப் போட்டிகளுக்கு ஜனவரி 2028, எல்லோருக்கும் ஜனவரி 2030.

இழப்பு எவ்வளவு என்று அந்த அமைப்புகளே மதிப்பிட்டிருக்கின்றன. மிக நீளமாக அடிக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு 13 முதல் 15 யார்டு. சராசரி டூர் ஆண்களுக்கு 9 முதல் 11. எல்பிஜிஏ ஆட்டக்காரர்களுக்கு 5 முதல் 7. பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு 5 யார்டோ அதற்குக் குறைவோ. வேகம் கூடக் கூட இழப்பும் கூடுகிறது என்பதை இந்த எண்களில் பார்க்கலாம்.

அதனால் பழைய பந்துகளை இப்போதே பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்க வேண்டிய அவசியம் சாதாரண ஆட்டக்காரருக்கு இல்லை. போட்டிகளில் ஆடுபவர் செய்ய வேண்டியது, அனுமதிக்கப்பட்ட பந்துகளின் பட்டியலைப் பார்த்து வாங்குவது. அந்தப் பட்டியல் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. பந்தின் மேல் அச்சிட்டிருக்கும் குறிகளோடு பட்டியலில் உள்ள விவரத்தை ஒப்பிட வேண்டும். ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வந்த பந்துகள் பட்டியலில் தனித்தனியாகவே இருக்கும்.